பழுப்புக் கொழுப்பு

போர்வைக்குள் படுக்க வைத்து ஏழு நிமிஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் துளசிமணிக்கு அரை நாள் போன மாதிரி இருந்தது. சும்மா கிடப்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது. பத்தொன்பது வருஷமாக விடியக்காலை ஐந்து மணிக்குப் பால் சங்கத்தில் நின்றுகொண்டே வேலை செய்தவளை, ரெண்டு கனத்த போர்வையைப் போட்டு மூடி, கையை ஆட்டாதே காலை ஆட்டாதே என்றால் எப்படி. ஏசியை அணைத்திருந்தார்கள். மூலையில் ஒரு ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் வட்டக் கடிகாரம், ஒன்பது பதினேழு. பத்துப் பத்துக்கு ஊசி. ஜெசிந்தா சிஸ்டர் சொல்லிவிட்டுத்தான் போனாள். "ஒரு மணி நேரம் இப்படியே இருக்கணும்மா. பேசக் கூடாது, போன் கிடையாது. முக்கியமா டென்ஷன் ஆகாதீங்க. உடம்பு சூடா இருக்கணும், மனசு நிம்மதியா இருக்கணும். அப்பத்தான் ஸ்கேன் படம் சரியா வரும்." நிம்மதியாக இருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள், ஒரு மிடறு தண்ணீரும் கொடுத்தார்கள், ஆனால் எப்படி இருப்பது என்று சிஸ்டர் கையிலிருந்த காகிதத்தில் யாரும் எழுதவில்லை. அந்தக் காகிதத்தில் வேறொன்று எழுதியிருந்தது, சிஸ்டர் அதைப் படித்துக் கேட்டாள். "காலைல வெந்நீர்லதான குளிச்சீங்க? குளிர்ல எங்கயும் நிக்கலியே?" துளசிமணி சற்றும் யோசிக்காமல் ஆமாங்க என்றாள், இல்லீங்க என்றாள், ரெண்டு கேள்விக்கும் பதில் டக்கென்று வந்தது. சிஸ்டர் ரெண்டு டிக் போட்டாள். தலையில் சுற்றியிருந்த பருத்தித் துணிக்கு அடியில், மருந்து ஏற்றி முடித்த பிறகு புதிதாக முளைத்து மூணு விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த முடி, பிடரியில் இன்னும் சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

பிடரி. அதைத்தான் நினைக்கக் கூடாது. நினைத்தால் அங்கே எரியுமோ. மூணு வாரத்துக்கு முந்தி இதே ஆஸ்பத்திரியில் இதே படத்தை எடுத்தபோது கழுத்தின் ரெண்டு பக்கமும் விளக்கு வைத்த மாதிரி எரிந்தது, திரையில் டாக்டர் காட்டினார். வித்யாவதி டாக்டர் சின்ன வயசு, ஆனால் பேச்சில் அவசரம் இல்லாதவர். "ஊசில நாங்க போடறது ஒரு வகை சர்க்கரைம்மா. வெளிச்சம் காட்டற சர்க்கரை. புற்று இருந்தா அது அவக் அவக்குனு சர்க்கரைய இழுத்துக்கும், அங்க பளிச்சுனு தெரியும். ஆனா உங்களுக்கு எரியறது அதுவான்னு சொல்ல முடியல. கழுத்துல எல்லாருக்குமே கொஞ்சம் பழுப்பு நிறத்துல ஒரு கொழுப்பு இருக்கும். குளிர் பட்டா, பயந்தா, அது எரிஞ்சு உடம்புக்குச் சூடு குடுக்கும். அதுவும் சர்க்கரையத்தான் இழுக்கும். அது இவ்வளவு எரியறப்ப அதுக்கு நடுவுல சின்னதா ஒரு நெறிக்கட்டி இருந்தாலும் எங்க கண்ணுக்குத் தெரியாது." அப்போ கொழுப்புதானுங்களா என்று துளசிமணி கேட்டாள். இருக்கலாம் என்றார் டாக்டர். மூணு வாரம் கழித்து வாங்க, உடம்பைச் சூடாக வைத்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். இருக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைத் துளசிமணி முந்தானையில் முடிந்துகொண்டு ஊருக்கு வந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொழுப்புதானாம் என்றாள். பெரிய அத்தை, உனக்குக் கொழுப்பு எப்பவும் சாஸ்திதான் என்று சிரித்தாள், இவளும் சிரித்தாள். அந்த மூணு வாரம் அவளுக்குத் தூக்கம் வந்தது. ஒரு வருஷமாக வராத தூக்கம். சங்கத்துக்குப் போனாள், தட்டப்பயிறு கடைந்து சாப்பிட்டாள், இடது மார்பை எடுத்துவிட்ட இடத்தில் ரவிக்கை தொளதொளவென்று நிற்பதைக்கூட மறந்து சந்தைக்குப் போய் வந்தாள். தெரியாமல் இருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஒன்பது இருபத்தாறு.

வயிறு குர்ரென்றது. ராத்திரியிலிருந்து பட்டினி. நேற்றுப் பகல் முழுக்க வெறும் கொழுப்பு. சோறு கூடாது, பழம் கூடாது, பால் கூடாது, சர்க்கரை வாசனையே கூடாது என்று போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த காகிதத்தை அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் எடுத்துப் படித்தார். நெய்யில் நாலு முட்டை, மத்தியானம் பன்னீர், சாயங்காலம் மறுபடி முட்டை. ஒரு ஆண்பிள்ளை, ஐம்பத்தைந்து வயசில், அடுப்படியில் நின்று முட்டையைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டார். எல்லாம் இந்தப் பதினொரு மாசத்தில் கற்றுக்கொண்டதுதான். யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள், சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் செத்துப்போகும் என்று. அன்றைக்கே வீட்டில் இருந்த அச்சுவெல்லத்தை அள்ளி மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார். மாடு நாலு நாள் அவரைக் கண்டாலே கத்தியது. பொங்கலுக்கு வெண்பொங்கல்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் இவள் இலையில் இனிப்பை வைப்பதற்கு முன்னால் அவர் கை வந்து இலையை மறைக்கும். மூணு வாரத்துக்கு முந்தி டாக்டரிடம் அதைப் பெருமையாகவும் சொன்னார். "சக்கரைங்கற பேச்சே ஊட்டுல கெடையாதுங்க. அது பட்டினிதான் கெடக்கோணும்." டாக்டர் சிரிக்கவில்லை. "அது அப்படிப் பட்டினி கெடக்காதுங்க. சர்க்கரை கொறைஞ்சா கொழுப்பை எடுத்துக்கும். மார்புல சுத்தியும் கொழுப்புதானே, பக்கத்து வீட்டுல அரிசி கடன் வாங்கற மாதிரி அந்தக் கொழுப்பு செல்கிட்டயே வாங்கிக்கும். சில சமயம் தானே செஞ்சு உள்ள சேத்து வெச்சுக்கும், இல்லாத காலத்துக்கு ஆகும்னு. நீங்க ஒண்ணை அடைச்சா அது வேற வழில வரும். அதனால அவங்களப் பட்டினி போடாதீங்க. எல்லாத்தையும் அளவா சாப்பிடட்டும்." நாச்சிமுத்துவின் முகம் அப்போது போன போக்கு. பதினொரு மாசம் வாசலை அடைத்துக் காவல் நின்றவனிடம் கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது என்று சொன்ன மாதிரி. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அப்பறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நெய்யி ஊத்தி ஊத்திக் குடுத்தனே புள்ள, அதத் தின்னுதான் இருந்திருக்குமா?" அதெல்லாம் இல்லீங்க மாமா என்றாள் இவள். இல்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும். நேற்று அதே நெய்யை அவர் ஊற்றும்போது கை தயங்கியதை அவள் பார்த்தாள். காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்துவிட்டு ஊற்றினார். உள்ளே இறங்கும்போது ஒவ்வொரு வாயும் யாருக்குப் போகிறது, எனக்கா, அதுக்கா. தனக்குள்ளேயே பந்தியில் ரெண்டாவது இலை போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி. சீ, போதும். நிம்மதியா இரு. நிம்மதியா இருடி.

பிடரி இன்னும் சில்லென்றுதான் இருந்தது. இந்தச் சூட்டில் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். ஒருவேளை காய்ந்துவிட்டதோ, இது வெறும் வியர்வையோ. கையை எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் ஆட்டக் கூடாது. காலையில் அவர் நாலு மணிக்கே எழுந்து தென்ன மட்டையைப் போட்டு அண்டாவில் தண்ணீர் காய வைத்திருந்தார். தை மாசக் குளிர், வாசலில் பனி இறங்கி நாய்கூட வைக்கோலுக்குள் சுருண்டு கிடந்தது. அண்டாவைத் தூக்கிவந்து குளியலறையில் வைத்துவிட்டு, வெரல உட்டுப் பாத்துட்டன் பதமா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தினாள். ஆவி முகத்தில் அடித்தது. அப்போதுவரை அப்படி ஒரு எண்ணமே இல்லை, சத்தியமாக இல்லை. சொம்பை அண்டாவில் விட்டு மொண்டாள், மொண்ட கை அப்படியே நின்றது. இதை ஊத்திக்கிட்டா இன்னைக்கு எரியாது. எரியாதுன்னா டாக்டருக்கு எல்லாந் தெரிஞ்சு போயிரும். அவ்வளவுதான் நினைத்தாள். சொம்பிலிருந்ததைத் தரையில் சாய்த்தாள். அப்புறம் அண்டாவையே சாய்த்தாள், சத்தம் கேட்காமல் சுவரோரமாக, சாக்கடை ஓட்டை வழியாக அவ்வளவும் வெளியே போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தொட்டித் தண்ணீரை, ராவெல்லாம் குளிரில் கிடந்த பச்சைத் தண்ணீரை, தலையோடு ஊற்றினாள். ஒரு சொம்பு, ரெண்டு, பத்துப் பன்னிரண்டு. மூச்சு நின்று நின்று வந்தது, பல் கிட்டியது, கத்திவிடாமல் துணியைக் கடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து குரல். "சூடு போதுமா புள்ள?" போதுங்க மாமா. காரில் வரும்போதும் ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எரியட்டும். போன தடவை மாதிரியே எரியட்டும். இருக்கலாம் என்று டாக்டர் சொல்லட்டும். இன்னும் மூணு வாரம். அதனால் யாருக்கு என்ன கெட்டுப் போகிறது? கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தொன்று, முள் நகர்கிற சத்தம்கூட இந்த அறையில் கேட்டது.

சங்கத்தில் இந்நேரம் வேலை முடிந்திருக்கும், தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். இப்போதெல்லாம் மெஷின் வந்துவிட்டது, பாலை வைத்தால் ஃபேட் இவ்வளவு என்று நம்பர் காட்டிவிடும். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கண்ணாடிக் குழாய்தான். அமிலத்தை அளந்து ஊற்றி, அதன்மேல் பாலை மெதுவாக இறக்கி, அடைப்பானைப் போட்டுக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும், துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். உள்ளே பாலில் இருக்கிற மற்றதெல்லாம் கருகிப் போகும். கொழுப்பு மட்டும் தப்பித்து மேலே வந்து குழாயின் கழுத்தில் மஞ்சளாக நிற்கும். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து நாலு புள்ளி ரெண்டு, நாலு புள்ளி ஐந்து என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் எதிர்ப்பேச்சு கிடையாது. எந்தச் சாம்பிளில் என்ன தில்லுமுல்லு என்று முகர்ந்தே சொல்லுவாள் என்று பெயர். கேனைக் கலக்காமல் மேலாக மொண்டு கொடுப்பவர்கள், காலைப் பாலில் நேற்றைய ஆடையைக் கலப்பவர்கள், எல்லாரையும் அவளுக்குத் தெரியும். மாராத்தாளையும்தான். அந்த வருஷம் மழை இல்லை, மாராத்தாளின் ஒற்றை மாடு வற்றிக்கொண்டு வந்தது, ரெண்டு சொம்பு தண்ணீர் சேர்த்துவிட்டாள். துளசிமணி அத்தனை பேர் முன்னாலும் கேனைக் கவிழ்த்தாள். பால் வாசல் மண்ணில் ஓடியது. மாராத்தாள் அழக்கூட இல்லை, "ஒரு நாளைக்குப் பாத்தும் பாக்காத மாதிரி உட்டா நீ என்ன அம்மணி கொறைஞ்சா போயிருவ" என்று மட்டும் கேட்டாள். அதற்கு இவள் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. "நான் வேணா பொய் சொல்லுவனுங்க்கா, அளவு சொல்லாது. அளவுல தண்ணி ஊத்தக் கூடாது." என்ன திமிர். முப்பத்தொரு வயசு, மார்பு ரெண்டும் இருந்தது, அளவின் மேல் அவ்வளவு நம்பிக்கை. இன்றைக்கு அண்டா நிறைய வெந்நீரைக் கவிழ்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள், சாம்பிளே இவள்தான். துளசிமணிக்கு வெட்கமாக இருந்தது, போர்வைக்குள் காது சுட்டது. மாராத்தாளுக்காவது வயிற்றுப்பாடு. மாராத்தாளுக்கு அன்றைக்குப் போனது ஒரு கேன் பால்.

எனக்கு என்ன போகும்? இந்தக் கேள்வியைக் காலையிலிருந்து அவள் கிட்டே சேர்க்கவே இல்லை. இப்போது அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் இவள் முடிந்துகொண்டு போனாள். மீதிப் பாதி இப்போது வார்த்தை வார்த்தையாக வந்தது. அது எரியறப்ப நடுவுல சின்னதா ஒரு நெறிக்கட்டி இருந்தாலும் தெரியாது. நடுவுல. சின்னதா. இன்றைக்கு அது பட்டாணி அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொள். அடுத்த தடவை அவரைக்கொட்டை. இன்றைக்கென்றால் ஊசியோ கத்தியோ கருகவிடும் கதிரோ, ஏதோ ஒன்று செய்வார்கள். அவரைக்கொட்டை அளவில் என்ன செய்வார்கள் என்று யாரிடம் கேட்பது. எரிகிற கொழுப்புக்குப் பின்னால் நான் ஒளிஞ்சுக்கலாம்னு நெனச்சன். அங்க ஏற்கெனவே அது ஒளிஞ்சிருக்குதே. நான் ஊத்துன ஒவ்வொரு சொம்பும் அதுக்குல்ல மறைப்புக் கட்டி உட்டுருக்குது. மூணு வாரம் நிம்மதியாகத் தூங்கினாளே, அது தூங்கியிருக்குமா? நெய்யையும் முட்டையையும் சக்கரை இல்லாத எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, இல்லாத காலத்துக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு, விழித்தே இருந்திருக்கும். அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் கொழுப்பு, குளிருக்குப் பயந்து எரிகிற அசட்டுக் கொழுப்பு, அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். அப்படி இருந்தால் அதையும்தானே இன்றைக்கு இவள் கெடுத்து வைத்திருக்கிறாள். நல்ல சேதி வந்திருந்தாலும் வர விடாமல் பண்ணிவிட்டாள். நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. டென்ஷன் ஆகாதீங்க. இந்த அடியில் கழுத்து இந்நேரம் கார்த்திகை தீபமாக எரிந்துகொண்டிருக்கும். பத்து நாலு. பத்து ஐந்து. ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தால் ஒன்றும் சொல்லாமலே முடிந்துவிடும். வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா சிஸ்டர் தள்ளுவண்டியோடு வந்தாள். வண்டியில் கனமான ஈயப் பெட்டி, அதற்குள் ஊசி. போர்வையிலிருந்து வலது கையை மட்டும் எடுத்து நீட்டச் சொன்னாள். ரப்பர் பட்டையை இறுக்கினாள், நரம்பைத் தட்டினாள், பஞ்சால் துடைத்தாள். பஞ்சு பட்ட இடம் குளிர்ந்தது.

"நில்லுங்க," என்றாள் துளசிமணி.

"பேசாதீங்கம்மா. சின்ன ஊசிதான்."

"ஊசிக்குப் பயமில்லீங்க. நாஞ் சொன்னது பொய்யிங்க. வெந்நீர்ல குளிக்கல. பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டு வந்தனுங்க, தலையோட. துணிய அவுத்துப் பாருங்க, இன்னும் ஈரந்தான்."

சிஸ்டர் துணியை விலக்கிப் பிடரியில் கை வைத்தாள். கையை எடுக்கவில்லை. "வெந்நீர் கெடைக்கலியா?"

"கெடச்சுதுங்க. வேணும்னுதான் கொட்டுனன்."

சிஸ்டர் ஈயப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. "இந்த மருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் கொறைஞ்சுக்கிட்டே போகுதும்மா. இதை எடுத்து வெச்சுட்டு நாளைக்குப் போட முடியாது." ரப்பர் பட்டையை அவிழ்த்தாள், போனில் டாக்டரிடம் பேசினாள், ஆமா மேடம், அவங்களே சொன்னாங்க, ஆமா என்றாள். திரும்பி வந்தபோது கோபம் இறங்கியிருந்தது. "இந்த டோஸை அடுத்தவங்களுக்குப் போட்டுடறோம். தலைய நல்லாத் தொடைச்சு, இன்னும் மூணு மணி நேரம் உங்களை இப்படியே சூட்டுல வெச்சிருந்து, கடைசியா எடுக்கச் சொல்றாங்க. பட்டினி தாங்குவீங்களா?"

"தாங்குவனுங்க."

"உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நேரமாகும்னு சொல்லணும். ரெண்டு நிமிஷம் கூப்பிடறேன், ஊசி போட்டுட்டா அப்புறம் கிட்ட விட மாட்டோம்."

அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் நாச்சிமுத்து கதவருகில் நின்றார், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சட்டைப்பையில் அந்தக் காகிதம் துருத்திக்கொண்டிருக்க. சிஸ்டர் வெளியில் என்ன சொல்லிக் கூட்டிவந்தாளோ தெரியவில்லை. துளசிமணிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க காய வெச்ச தண்ணியச் சாக்கடைல ஊத்திட்டனுங்க மாமா."

"தெரியும்," என்றார்.

அவள் திரும்பினாள்.

"வெளிய நின்னுட்டிருந்தன். சாக்கடைல ஆவி குபுகுபுன்னு வந்துச்சு. அப்பறம் நீ தொட்டில மொள்ற சத்தம் கேட்டுச்சு."

"பாத்துட்டுத்தான் சூடு போதுமான்னு கேட்டீங்களா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"அப்பறம் ஏனுங்க ஒண்ணுஞ் சொல்லல? கதவத் தட்டியிருக்கலாமல்ல. கார்ல கண்ணாடிய எறக்குனப்பவாவது வைதிருக்கலாமல்ல."

நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்தார், பிரிக்காமல் மறுபடி வைத்தார். அந்தப் பெரிய உருவம் நிற்கத் தெரியாமல் நின்றது. "இந்த மூணு வாரம் நானுந்தான் புள்ள தூங்குனன்," என்றார். "தட்டிருந்தா இன்னைக்கே தெரிஞ்சு போயிரும்னு கைய எடுத்துக்கிட்டன்."

இப்படி ஒரு ஆளோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள், அவருக்கும் பயம் வரும் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, ரெண்டையும் அடக்கிக்கொண்டு கிடந்தாள். சிஸ்டர் உள்ளே வந்து துண்டால் அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள், பேச்சை முடிச்சுக்குங்க என்றாள். நாச்சிமுத்து கதவுவரைக்கும் போய்த் திரும்பினார்.

"ரிப்போர்ட்டு வந்தா மொதல்ல ஆருகிட்டச் சொல்லோணும்னு டாக்டரம்மா கேட்டுவிட்டாங்க. எங்கிட்டச் சொல்லச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க," என்றாள் துளசிமணி. "எதுவா இருந்தாலுஞ் சரி, நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு, நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."